ஒன்பது உறுப்புகள் போதும்

இருபடிச் சமன்பாடு பள்ளியோடு முடிந்துபோன பாடம் என்று நம் திண்டுக்கல் பகுதி மாணவர் பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. அதைச் சார்ந்த ஒரு கேள்விக்கு 2010-இல்தான் விடை வெளியாயிற்று. விடை கண்ட இருவரில் ஒருவர் சென்னையில் படித்த பெண்மணி.

கேள்வி எளியது. ஒரு கெழுவையும் ஒரு மாறியின் வர்க்கத்தையும் பெருக்கினால் ஓர் உறுப்பு. இத்தகைய உறுப்புகளின் கூடுதல் பூச்சியமாவது உறுதி என்று சொல்ல எத்தனை உறுப்புகள் வேண்டும்? எல்லா மாறிகளும் பூச்சியம் என்பது விடையாகாது.

மெய்யெண்களில் எத்தனை வர்க்கங்களைக் கூட்டினாலும் பூச்சியம் வராது. கலப்பெண்களில் இரண்டு உறுப்புகளே போதும். இனி, 3-ஆல் வகுத்துவரும் மீதியை மட்டும் எண்ணாகக் கொள்வோம். 1² + 1² = 2; பூச்சியமன்று. 1² + 1² + 1² = 3; மீதி பூச்சியம்! எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் இப்படி மூன்று உறுப்புகள் போதும்.

1897-இல் ஜெர்மானியர் ஹென்சல் பி-யடிக் எண்களைப் புகுத்தினார். இங்கு, வேறுபாடு ஒரு பகா எண்ணின் உயர்ந்த அடுக்கால் வகுபட்டால் இரு எண்களும் நெருங்கியவை. 5-ஐக் கொண்டால் 1-உம் 626-உம் அண்டை வீட்டார்; 625 = 5⁴ அல்லவா? இவ்வெண்களில் ஐந்து உறுப்புகள் போதும் என்று 1920-களில் ஹாஸே நிறுவினார். எல்லாக் களங்களுக்கும் பொதுவான கொள்கையை 1937-இல் விட் வகுத்தார்.

பூச்சியமாகாமல் தப்பக்கூடிய உறுப்புகள் அதிகபட்சம் 1, 2, 4 என இரட்டித்து வருவதைக் கவனியுங்கள். அடுத்தது 8 ஆகுமா? அதாவது, பி-யடிக் கெழுக்களுடன் ஒரு மாறியில் அமைந்த பின்னக் கோவைகளையே எண்களாகக் கொண்டால், ஒன்பது உறுப்புகள் போதுமா? எட்டு போதாது என்பது தெரிந்ததே. ஆனால் 1990-களின் பிற்பகுதி வரை எந்த எண்ணிக்கையாவது போதுமா என்பதே தெரியாதிருந்தது.

1948-இல் பிறந்த பரிமளா, சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பயின்று, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு செய்தவர். 1998-இல் அவரும் சுரேஷும் பதினொன்று போதும் என்று காட்டினர். இன்னும் இரண்டைக் குறைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன! பகா எண் 2 நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்பது போதும் என்னும் நிறுவல் 2010-இல் வெளியாயிற்று. 2-க்கும் அது பொருந்தும் எனப் பின்னர் வேறு வழியில் நிறுவப்பட்டது. அதே 2010-இல் ஹைதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டின் முழு அமர்வில் பரிமளா உரையாற்றினார்.

மாணவ நண்பர்களே, ஒரு தாளை எடுங்கள். 7-ஆல் வகுத்த மீதிகளில் இரண்டு வர்க்கங்கள் கூடிப் பூச்சியமாகுமா, மூன்று வேண்டுமா? போட்டுப் பாருங்கள். பரிமளா நடந்த பாதையின் முதல் அடி அதுதான்.