ஏடில்லாத நாடகமும் நடிகையின் சொல்லும்

பினாங்கில் பங்சாவான் என்ற மலாய் நாடகம் பிறந்த வரலாற்றை ஒரு விற்பனையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1870களில் பார்சி நாடகக் குழுக்கள் இந்தியாவிலிருந்து வந்து ஆடின. ஊரார் அதை ‘வாயாங் பார்சி’ என்றார்கள். நாடு திரும்பிய குழு ஒன்றின் திரைகளையும் உடைகளையும் மாமாக் புஷி என்கிற முகம்மது புஷி வாங்கிக்கொண்டார். 1885இல் ‘புஷி இந்திரா பங்சாவான்’ குழு உருவானது. அந்தப் பெயர்களுக்குள் நமக்குப் பழகிய சரக்கு நிறைய இருக்கிறது. மாமாக் நம்முடைய மாமா. இந்திரா, லக்னோவில் எழுந்த ‘இந்தர் சபா’ நாடகத்தை நினைவூட்டுகிறது. பங்சாவானில் உள்ள ‘பங்சா’ வடமொழி வம்சம். ஆனால் சாமான் வாங்கியவரிடம் தொடங்கும் வரலாறு, கடைசிவரை முதலாளிகளின் பெயர்ப் பட்டியலாகவே நீண்டுவிடுகிறது. பங்சாவானை உண்மையில் ஆக்கியவர்களில் பாதிப்பேர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் நடிகைகள்.

இதை வெறும் பரிவில் சொல்லவில்லை. அந்தக் கலை நடந்த விதமே சான்று. பங்சாவானுக்கு எழுதிவைத்த ஏடு கிடையாது. கதைப்போக்கும், யார் எந்தக் காட்சியில் வரவேண்டும் என்பதும் தெரிந்தால் போதும். பேச்சை அந்தந்த நடிகரே மேடையில் நின்று கட்ட வேண்டும். இன்று லைலா மஜ்னு, நாளை ஹாம்லெட் என்று கதை மாறிக்கொண்டே இருக்கும். நம் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியும் முருகனும் விடிய விடியச் செய்யும் தர்க்கத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வித்தையின் கடுமை புரியும். பங்சாவான் நடிகை வாய்ப்பாடம் ஒப்பிக்கவில்லை, நாடகத்தை இயற்றிக்கொண்டிருந்தாள். நாயகிக்கு ‘ஸ்ரீ பாங்கோங்’, அதாவது மேடையின் திரு, என்று பட்டம் கொடுத்தது சும்மா இல்லை. இசைத்தட்டுக் கம்பெனிகளும் ‘மிஸ்’ அடைமொழியோடு அவர்கள் பெயரை அச்சிட்டே விற்றன.

புகழ் வேறு, உரிமை வேறு என்று மறுக்கலாம். சரியான மறுப்புதான். வசூல் குழு முதலாளியிடம் போனது. ‘அனாக் வாயாங்’ என்றால் கூத்தாடிப் பிள்ளை என்ற ஏளனமும் கூடவே வந்தது. கைதட்டிய ஊர்தான் பழிக்கவும் செய்தது. ஆனால் பங்கு கிடைக்கவில்லை என்பதால் படைப்பில் பங்கில்லை என்றாகாது. அந்தப் பங்கின் அளவு, அது பறிபோனபோதுதான் தெளிவாகத் தெரிகிறது. 1926இல் ஜாவாவில் ‘டார்டனெல்லா’ குழுவைத் தொடங்கிய பியெட்ரோ, பினாங்கில் பிறந்த ரஷ்ய வம்சாவளிக்காரர். இயற்பெயர் வில்லி கிளிமானோஃப். அவர் குழு அஞ்சார் அஸ்மாரா போன்றோர் எழுதிய நாடகங்களைக் கொண்டுவந்தது. நாடகம் கட்டுக்கோப்பானது, மறுப்பதற்கில்லை. ஆனால் பேச்சு எழுத்தாளர் கைக்குப் போயிற்று, எழுதியவர்களோ ஆண்கள். பிறகு பேசும்படம் வந்தது. 1934இல் சிங்கப்பூரில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் ‘லைலா மஜ்னு’வை எடுத்தபோது கதையும் நடிகர்களும் பங்சாவான் மேடையிலிருந்தே போனார்கள், மேடையில் சொந்தமாகப் பேசிய சுதந்திரம் மட்டும் கூடப் போகவில்லை.

அதன் பிறகு படைப்பாளியாக நிற்க விரும்பிய நடிகை தனக்கென்று ஒரு கம்பெனி தேட வேண்டியிருந்தது. தமிழில் ‘காளிதாஸ்’ நாயகி டி. பி. ராஜலட்சுமி அதைத்தான் செய்தார்: தன் நாவலைத் தானே இயக்கி, தயாரித்து, 1936இல் ‘மிஸ் கமலா’வாக வெளியிட்டார். பியெட்ரோவின் மனைவியும் டார்டனெல்லாவின் தாரகையுமான தேவி ஜா தேர்ந்தது நடனத்தை. குழு உடைந்ததும் அவர் பெயரிலேயே ஒரு நடனக் குழு அமெரிக்கா வரை போனது. 1943இல் சிகாகோவில் ‘சரோங் ரூம்’ என்ற இரவு விடுதியையும் அவர் திறந்தார். கீழ்த்திசைக் கவர்ச்சியை விற்றுத்தானே பிழைத்தார் என்று இகழ்பவர்கள் உண்டு. விற்றார்தான். புஷி திரையும் உடையும் வாங்கி வியாபாரம் நடத்தினால் அதை முன்னோடி முயற்சி என்கிறோம். தேவி ஜா செய்ததற்கு மட்டும் வேறு பெயர் எதற்கு?