ஒரு வார விடுமுறைக்கு இரண்டு வரலாறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டி ஒரு வார விடுமுறை விடுவர். வசந்தகால விடுமுறை என்பது அதன் பெயர். வடமாநிலங்களில் அப்பொழுதும் பனி முற்றாக உருகியிராது. எனவே வசந்தம் என்பது அங்கே வெறும் எதிர்பார்ப்புதான். இச்சிறு விடுமுறைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று கடற்கரையில் தொடங்கியது. மற்றொன்று ஒரு கேள்வியில் தொடங்கியது.

முதல் வரலாறு பலரும் அறிந்ததே. 1930களின் நடுப்பகுதியில் நியூயார்க் மாநிலத்துக் கோல்கேட் பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணி, ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகருக்குப் பயிற்சிக்காகச் சென்றது. பிற கல்லூரி அணிகளும் பின்தொடர்ந்தன. காலப்போக்கில் நீச்சல் அறியாதவர்களும் சென்றனர். 1960ல் வெளிவந்த 'வேர் த பாய்ஸ் ஆர்' என்ற திரைப்படம் அவ்வூரை நாடறியச் செய்தது. 1985ல் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மாணவர்கள் அங்குக் குவிந்தனர். குடியும் கூச்சலும் தாங்காத நகர நிர்வாகம், அதன் பின்னர் விதிகளை இறுக்கி அக்கூட்டத்தைத் திருப்பியனுப்ப முனைந்தது.

இரண்டாம் வரலாற்றின் வேரைத் தேடினால் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1910ல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குச் செல்ல வேண்டும். போர் மனிதனிடம் வளர்க்கும் துணிவையும் ஒழுங்கையும் போரின்றியே வளர்க்க இயலாதா என்று அவர் கேட்டார். வசதி படைத்த இளைஞர்களைச் சுரங்கங்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் சாலைப் பணிக்கும் அனுப்பலாம் என்பது அவர் கண்ட விடை. அரை நூற்றாண்டு கழிந்து, 1960 அக்டோபர் 14 அன்று பின்னிரவு இரண்டு மணியளவில், மிச்சிகன் பல்கலைக்கழகப் படிகளில் நின்ற ஜான் கென்னடி, உங்களில் எத்தனை பேர் தொலைநாடுகளில் பணியாற்ற முன்வருவீர்கள் என்று மாணவர்களை வினவினார். அவர் குடியரசுத் தலைவரான பின், 1961 மார்ச் 1 அன்று அமைதிப் படை பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் தென்மாநிலங்களில் இயங்கிய ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகிய கல்வியாளர்கள் 'சேவைவழிக் கற்றல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர்.

இந்த நற்பணி உற்சாகத்தின் நடுவேதான் ஒரு கடுமையான குரல் எழுந்தது. 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், தொண்டு செய்ய வந்திருந்த வட அமெரிக்க மாணவர்களிடையே இவான் இல்லிச் உரையாற்றினார். ஊரைப் பாருங்கள், மலை ஏறுங்கள், மலர்களைக் கண்டு மகிழுங்கள், படியுங்கள். ஆனால் உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். மொழி தெரியாமல் வந்து தம் வாழ்க்கை முறையை ஏழைகள் மீது சுமத்தும் மாணவர், தாம் விளைக்கும் தீங்கைக்கூட உணரமாட்டார் என்பது அவர் வாதம். தொண்டு செய்தே தீர வேண்டுமெனில், வேண்டாம் போ என்று முகத்துக்கு நேரே உங்கள் மொழியில் சொல்ல வல்லவர்களிடம், உங்கள் நாட்டிலேயே செய்யுங்கள் என்றார். நல்லெண்ணம் மட்டுமே ஒரு செயலை நியாயப்படுத்திவிடுமா? அவர் விட்டுச்சென்ற கேள்வி இதுவே.

1979ல் சிக்மன் வகுத்த மூன்று நெறிகளை இக்கேள்விக்கு ஒருவகை விடையாகக் கொள்ளலாம். சேவையின் கடிவாளம் சேவை பெறுவோர் கையில் இருக்க வேண்டும். அச்சேவையால் அவர்கள் தம் வலிமையில் வளர வேண்டும். செய்பவரும் கற்பவராக இருக்க வேண்டும். ஃபோர்ட் லாடர்டேலில் கூட்டம் உச்சத்தைத் தொட்ட அதே 1985ல், பிரவுன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத் தலைவர்கள், மாணவர் தன்னலமிகள் என்ற பழியை மாற்றும் நோக்குடன் 'கேம்பஸ் காம்பாக்ட்' அமைப்பைத் தொடங்கினர். 1991ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 'பிரேக் அவே' உருவாகி, மாற்று வசந்த விடுமுறைகளுக்கு ஒழுங்கமைத்தது. புறப்படுமுன் அவ்வூரின் சிக்கலைப் பயில்தல், மது விலக்கு, அன்றைய பணியைப் பற்றிக் கூடியிருந்து சிந்தித்தல் ஆகியன அதன் முறைகள்.

அம்முறைகள் பெருஞ்சோதனைக்கு உள்ளானது நியூ ஆர்லியன்ஸில். 2005 ஆகஸ்ட் 29 அன்று வீசிய கத்ரீனா புயலில் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. 2006 வசந்தத்தில் நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கு வந்தனர். முகக்கவசம் அணிந்து, அழுகிய குளிர்பதனப் பெட்டிகளை வெளியேற்றி, பூஞ்சை படர்ந்த சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, வீட்டை மரச்சட்டம் மட்டும் எஞ்சும்வரை துப்புரவு செய்தனர். இதற்கு நிபுணத்துவம் வேண்டியதில்லை, உடலுழைப்பே வேண்டும். கூலி கொடுத்துச் செய்விக்க இயலாத முதியோருக்கு அவ்வுழைப்பு வீட்டைக் காத்துக்கொள்ளும் வழியாயிற்று. எதை எறிவது, எதை வைப்பது என்று வீட்டுக்காரரே சொல்ல முடிந்தது. இல்லிச் கேட்ட நிபந்தனைகளுள் சில இங்கே நிறைவேறின எனலாம்.

எனினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2007 டிசம்பரில் நகர மன்றம், ஏறத்தாழ 4,500 பொதுக் குடியிருப்புகளை இடிக்க ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. அவற்றில் முன்பு வாடகைக்கு வாழ்ந்த ஏழைகளுக்கு, பெயர்த்தெடுக்கத் தமக்கென ஒரு சுவர்கூட இல்லை. சொந்த வீடு உடையவருக்கு ஒரு வார உழைப்பு பயன்பட்டது. வீடற்றவரின் வழக்கை அவ்வுழைப்பால் தீர்க்க இயலவில்லை. அதற்குத் தேவைப்பட்டது சட்டமும் வாக்கும் நெடுநாள் போராட்டமும்.

ஆகவே இவ்விடுமுறைப் பயணங்களைப் புனிதப்படுத்தவும் வேண்டாம், எள்ளி நகையாடவும் வேண்டாம். ஒரு வாரத்தில் ஓர் ஊரை மாற்ற முடியாது. ஆனால் அவ்வூரை அந்நிலைக்குக் கொணர்ந்தது எது என்று கேட்கத் தொடங்க ஒரு வாரம் போதும். அக்கேள்வியுடன் திரும்பிய மாணவர், பின்னாளில் தம் ஊர் நகர மன்றத்தின் வாசலில் நின்றாரா என்பதே அப்பயணத்தை மதிப்பிடும் அளவுகோல். பெயர்த்த சுவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அதை அளக்க இயலாது.