703 (எண்)

703: 19, 37 ஆகிய இரு பகா எண்களின் பெருக்கல். 1 முதல் 37 வரை கூட்டினால் கிடைக்கும் முக்கோண எண். இதன் வர்க்கம் 494209. அதை நடுவே பிரித்து 494-ஐயும் 209-ஐயும் கூட்டினால் மறுபடியும் 703 வரும். தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் காப்ரேகரின் பெயரால் வழங்கும் எண்களுள் இதுவும் ஒன்று.

எண் கோட்பாட்டு வரலாற்றில் இதற்கு இடம் தேடித்தந்தவை ஆறாம் அடுக்குகள். 703-ஐ ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிப் பார்க்கலாம். 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. எனவே கைவசம் இருப்பவை 64-உம் 1-உம் மட்டுமே. பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63-க்கும் ஒவ்வொன்றாக 1 போட்டாக வேண்டும். ஆக 73 உறுப்புகள். இன்னும் 26 கூடியிருந்தால் ஒரே உறுப்போடு கணக்கு முடிந்திருக்கும்!

எந்த நேர்ம முழு எண்ணையும் ஒரு வரம்புக்கு உட்பட்ட எண்ணிக்கையிலான அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1770-இல் எட்வர்டு வாரிங் நிரூபணமின்றிச் சொன்னார். அப்படியொரு வரம்பு உண்டென்பதை 1909-இல் ஹில்பர்ட் நிறுவினார். ஆறாம் அடுக்குக்கு அவ்வரம்பு 73-க்குக் குறையாது என்பதற்கு 703 சாட்சி. 73 எல்லா எண்களுக்கும் போதுமா என்பது நெடுநாள் தீராதிருந்தது.

அதைத் தீர்த்தவர் எஸ். எஸ். பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (1901–1950). குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். பள்ளிநாளிலேயே பெற்றோர் இருவரையும் இழந்துவிட, சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பணம் தந்து படிக்கவைத்ததாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. இன்டர்மீடியட் படித்தது நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில். பி.ஏ. திருவனந்தபுரத்தில். 1929 முதல் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. வாரிங் கணக்கில் அவர் ஈட்டிய பெரும் வெற்றிகள் சிதம்பரத்துக் காலத்தவை.

ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கான வரம்பைத் தரும் சூத்திரத்தை 1936-ஐ ஒட்டிப் பிள்ளையும் அமெரிக்கரான டிக்சனும் கண்டனர். முந்தியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தனித்தனியே கண்டனர் என்பதே பொதுவாக ஏற்கப்படுகிறது. இதற்குக் கைகொடுத்த, ரஷ்யக் கணிதவியலர் வினோகிராதவின் பகுமுறை மிகப் பெரிய எண்களுக்கே பிடிகொடுக்கும். அதற்குக் கீழுள்ளவற்றைச் சிறிய எண்களிலிருந்து படிப்படியாக ஏறி எட்ட வேண்டும். ஆறாம் அடுக்கில் இவ்விரண்டையும் சந்திக்கவைப்பது கடினமாயிற்று. கணினி இல்லாத காலம் என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். 73 போதும் என்ற நிரூபணம் 1940-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் நடவடிக்கை இதழில் வெளியானது.

பின்னர்ப் பிள்ளை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964-இல் சென் ஜிங்ருன் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பது 1986-இல் முடிவானது. அதைக் கண்ட மூவருள் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன். பொதுச் சூத்திரம் 47,16,00,000 வரையிலான அடுக்குகளுக்குச் சரிபார்க்கப்பட்டுள்ளது. எல்லா அடுக்குகளுக்கும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.