ஒரே முகவரியில் ஒரு குடும்பம்: மலையகம் பாட்டுக் கேட்ட கதை

இணையவழி இசைச் சேவையான ஸ்பொட்டிபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் வருவதாக அறிவிக்கப்பட்டது. அதில் குடும்பத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவர் சந்தா கட்டினால் ஆறு பேர் வரை, அவரவர் கைபேசியில், அவரவர் விரும்பிய பாடலை விளம்பர இடையூறின்றிக் கேட்கலாம். நிபந்தனை ஒன்றுதான். அந்த ஆறு பேரும் ஒரே முகவரியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும்.

கொழும்பில் ஒரு வீட்டுக்காரருக்கு இது சாதாரண நிபந்தனை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு தோட்டக் குடும்பம் இதைப் படித்தால் இரண்டு கேள்விகள் எழும். முகவரி எது? குடும்பம் என்பது யார் யார்?

லயத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தனி வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ இருந்ததில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து கை மாறிக் கை மாறிக் காம்பராவுக்கு வந்து சேரும், சேராமலும் போகும். குடும்பமும் அப்படித்தான். தாய் தகப்பன் தோட்டத்தில், மூத்தவன் கொழும்பில் ஒரு கடையில், இளையவள் ஆடைத் தொழிற்சாலையில், சித்தி வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணியில் என்று சிதறிக் கிடப்பதே இன்றைய மலையகக் குடும்பம். ஆகவே எந்த இசைச் சேவையை வீட்டுக்கு எடுப்பது என்ற இந்தச் சிறிய கேள்வி, அம்மக்கள் இதுவரை பாட்டுக் கேட்டு வந்த வரலாற்றுக்குள் நம்மை இழுத்துச் செல்கிறது. கேட்கும் ஒலியை யார் தெரிவு செய்தார்கள், யாரோடு சேர்ந்து கேட்டார்கள் என்பதே அவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய விடயம்.

தோட்டத்தில் நாளின் முதல் ஒலியைத் தொழிலாளி தெரிவு செய்ததில்லை. விடியுமுன் பிரட்டுக்கு ஆட்களை எழுப்ப அடிக்கப்பட்ட தப்புத்தான் அந்த ஒலி. அதே தப்பு திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அவர்களுடைய சொந்தக் கருவியாக மாறியது. மாசி மாதத்துக் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகள் தமிழகக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்களின் நினைவோடு மலையேறி வந்தவை. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் பெண்களின் வாயிலிருந்தன. இவற்றை ஏட்டில் ஏற்ற முயன்றவர்களில் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவருடைய தொகுப்பு இல்லாவிடில் இப்பாடல்களில் பல பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

தெரிந்த மெட்டில் புதிய சொல்லை ஏற்றினால் அது வேகமாகப் பரவும் என்பதை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர்களுள் ஒருவர் மீனாட்சியம்மை. தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் இவர். 1930களிலும் 1940களிலும் தொழிலாளர் கூட்டங்களில் பேச்சுக்கு முன் இவரது பாட்டு ஒலித்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்குத் துண்டுப் பிரசுரம் செய்ய முடியாததை மக்கள் அறிந்த மெட்டு செய்தது.

அடுத்து வந்தது வானொலி. கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆசியாவின் பழைமையான நிலையங்களில் அதுவும் ஒன்று. 1950இல் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பே அதைத் தமிழ்த் திரையிசையின் தலைமை வீடாக்கியது. இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் 1952இலிருந்து அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடம் கொடுக்க மறுத்தார். விவித்பாரதி 1957 ஒக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழகத்து நேயர்களும் திரைப்பாடலுக்காக இலங்கை வானொலியையே திருப்பினார்கள். எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடலின் இரு கரைகளிலும் அறிமுகமானது அப்படித்தான். அவருக்குப் பின் ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று ஓர் அறிவிப்பாளர் பரம்பரையே உருவானது. நிலையம் 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது.

இந்த வானொலி லயத்துக்குள் நுழைந்தபோது அது ஒரு குடும்பத்தின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. பெட்டி வாங்குவதற்கு மேல் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. லயங்களில் மின்சாரம் இல்லை. பற்றரியில்தான் ஓட்ட வேண்டும். வலுவிழந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாளைக்கு இழுப்பார்கள். எனவே ஒரு லயத்தில் ஒன்றோ இரண்டோ பெட்டிகள்தான். அதை இஸ்தோப்பில் வைத்தால் தொங்கல் காம்பரா வரை எல்லோருக்கும் கேட்கும். இடைச்சுவர் ஓசையைத் தடுத்ததில்லை. தேசிய சேவையா வர்த்தக சேவையா என்பதில் வீட்டுக்குள் வாக்குவாதம் நடக்கும். செய்தி முடியும் வரை பெரியவர்களுக்கு, பிறகு பாட்டு பிள்ளைகளுக்கு என்று ஓர் எழுதாத உடன்படிக்கை இருக்கும். காலையில் பொங்கும் பூம்புனல், மாலையில் நேயர் விருப்பம், இடையில் இசையும் கதையும். விரும்பாத பாட்டையும் கேட்டாக வேண்டும். கேட்டுக் கேட்டு அதுவும் பிடித்துப்போகும்.

ஆனால் இசையைவிடப் பெரிய ஒன்றை அந்த வானொலி மலையகத்துக்குக் கொடுத்தது என்பது எனது துணிபு. அது பெயர்.

தோட்டத்துப் பேச்சில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. கொழுந்து குறைந்தால் "அரைப்பேர்" விழும். பெயர் என்ற சொல்லே கணக்குப்பிள்ளையின் ஏட்டில் கூலியாகச் சுருங்கிப்போன இடம் அது. அந்த ஏட்டுக்கு வெளியே அரசாங்கப் பதிவுகளில் இம்மக்களுக்குப் பெயர் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. வாக்காளர் இடாப்பில் இல்லாத அந்தப் பெயர்களை, தபாலட்டையில் எழுதி அனுப்பியபோது, வானொலி வாசித்தது. பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும், தோட்டத்தின் பெயரும், மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்ற விவரமும் கூடக் காற்றில் வந்தன. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியிலோ அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று ஒரு குடும்பமே வரிசையாக ஒலித்தது. முகவரி இல்லாத குடும்பங்கள் முகவரியோடு அறிவிக்கப்பட்ட ஒரே இடம் ஒரு காலத்தில் அதுவாகவே இருந்தது.

அந்தக் குடும்பங்களைப் பிரித்தது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது என்று இரு தலைநகரங்களும் தலை எண்ணிக்கையில் உடன்பட்டன. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஒரே காம்பராவில் இரண்டு நாடுகள் உண்டாயின. தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைக்கே போனவர்கள் பலர். தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் சேவையும் 1984இல் நின்றது. கடிதம் வாரக்கணக்கில் தாமதமாகும். வானொலி அலைக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. நீலகிரியில் இருந்தவரும் நுவரெலியாவில் இருந்தவரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்க அது வழிசெய்தது.

ஒலிநாடா வந்தபோது தெரிவு வீட்டுக்குள் நுழைந்தது. ஹட்டன் கடைவீதியின் ஒலிப்பதிவுக் கடையில் பட்டியலைக் கொடுத்தால் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிட நாடாவில் பத்துப் பன்னிரண்டு பாடல்களுக்குத்தான் இடம். தகப்பனுக்கு டி. எம். சௌந்தரராஜன், தாய்க்கு பக்திப் பாடல், மகனுக்கு இளையராஜா என்று அந்தப் பன்னிரண்டு இடங்களைப் பங்கிடுவது வீட்டின் சிறு பாராளுமன்றம். வெற்று நாடாவுக்கு வேறொரு பயனும் இருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பெண்கள், எழுத வராதவர்கள், தம் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். பாட்டுக் கேட்ட அதே கருவியில் பிள்ளைகள் தாயின் குரலைக் கேட்டார்கள்.

1998இல் சூரியனும் சக்தியும் பண்பலையில் வந்தன. தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி அழைப்பு பிடித்தது. இதே காலப்பகுதியில் கொத்மலையில் நடந்த ஒரு முயற்சி இன்றும் படிக்கத்தக்கது. 1989இல் அங்கே தொடங்கிய சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோ ஆதரவுடன் இணையத்தோடு இணைக்கப்பட்டது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடையை ஊருக்கே கேட்கும்படி சொல்வார். ஒருவர் தேட, ஊர் கேட்டது. இணையம் என்றாலே தனித்தனிக் காது என்ற விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு அது சான்று.

இன்றைக்கு ஒரே காம்பராவில் நாலு பேர் நாலு காதணிக் கருவிகளோடு அமர்ந்திருக்கிறார்கள். தெரிவுரிமை முழுமையடைந்துவிட்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன். துரையின் தப்பில் தொடங்கிய கதை, தொழிலாளியின் மகள் தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்திருப்பது ஓர் உரிமையின் வரலாறுதான். சேர்ந்து கேட்பதையும், பெயர் சொல்லி ஒருவருக்கு ஒரு பாட்டை அனுப்புவதையும் அந்த உரிமைக்கு விலையாகக் கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

இனி நடைமுறைக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருமானத்தில் மாதச் சந்தா சிறு செலவல்ல. அதைக் கட்ட வங்கி அட்டை தேவைப்படலாம். கேட்பதற்கு டேட்டா தனியாக வேண்டும். பாட்டை மட்டும் கேட்பதற்கு யூடியூபில் காணொளியை ஓடவிடுவது டேட்டாவைக் கூடுதலாகத் தின்னும். மலை மறைவில் சமிக்ஞை எட்டாத கணக்குகளில் வாழ்பவர்களுக்குப் பணம் கட்டுவதால் கிடைக்கும் உண்மையான பயன், பாடலைத் தரவிறக்கி வைத்து இணைப்பில்லாமல் கேட்பது. விளம்பரம் இல்லை என்பது அதற்கு அடுத்தபடிதான். சமிக்ஞை நன்றாக உள்ள வீட்டுக்கு இலவசச் சேவையே போதுமானதாக இருக்கலாம். வீட்டில் நிலையாக இருப்பவர்கள் மூன்று நாலு பேர் என்றால் மட்டும் குடும்பத் திட்டத்தின் கணக்குச் சரிவரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை அதில் சேர்த்தால் முகவரிச் சிக்கல் எழும்; அவர்களை அதில் நுழைக்க முயல வேண்டாம்.

அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதே சேவையில் கூட்டுப் பாடல் பட்டியல் ஒன்றை அமைக்கலாம். அழைக்கப்பட்ட எவரும், சந்தா கட்டாதவரும் கூட, எந்த நாட்டிலிருந்தும் அதில் பாட்டைச் சேர்க்கலாம். சேர்த்தவர் யார் என்பதும் பாட்டோடு தெரியும். திட்டத்துக்கு ஒரே முகவரி வேண்டும், பட்டியலுக்கு வேண்டியதில்லை. குவைத்தில் இருக்கும் சித்தி அம்மாவுக்காக ஒரு பாட்டைச் சேர்க்க, அது மாலையில் காம்பராவில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலித்தால், அதற்குப் பெயர் நேயர் விருப்பம்தான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. எந்தச் சேவையைத் தெரிவு செய்தாலும், அதன் கோடிக்கணக்கான பாடல்களுக்குள் உங்கள் லயத்துக் காமன் கூத்து மாஸ்டரின் பாட்டு இராது. அப்பாயியின் ஒப்பாரியும் இராது. சி. வி. வேலுப்பிள்ளை கையால் எழுதித் திரட்டிய வேலையை இன்று எந்தக் கைபேசியும் செய்யும். பாடத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, பாட்டையும் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பதிவுக்குச் சந்தா கிடையாது. எந்த நிறுவனம் ஒப்பந்தத்தை மாற்றினாலும் அது உங்கள் வீட்டிலிருந்து அகற்றப்படவும் மாட்டாது.