குழந்தையின் பாலினம்: முடிவு யார் கையில்?

'நான் பையன் இல்லம்மா, பொண்ணு'ன்னு உங்க வீட்டுக் குழந்தை சொன்னா என்ன செய்வீங்க? கண்டிச்சுத் திருத்தணும்னு சிலர், அப்படியே ஏத்துக்கணும்னு சிலர். ரெண்டு தரப்பும் சொல்ற காரணம் ஒண்ணுதான்: குழந்தையின் பாதுகாப்பு. சட்டம் என்ன சொல்லுது?

அறுவை சிகிச்சை: ஆண், பெண் எனத் திட்டவட்டமாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறப்பவர்கள் ஊடுபால் குழந்தைகள். இவர்களுக்குப் பாலின அறுவை சிகிச்சை கூடாதுன்னு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. ஆகஸ்ட்டில் தமிழக அரசு தடை விதித்தது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விலக்கு.

'குணப்படுத்தறேன்' சிகிச்சை: பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார்.

சான்றிதழ்: 2019 திருநர் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே இருந்தா பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்கணும். அண்ணனூர்க்காரங்களுக்கு, திருவள்ளூர் கலெக்டர்தான் சான்றிதழ் தருபவர். திருநர் என்பதற்காக மட்டும், நீதிமன்ற உத்தரவில்லாம குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க முடியாது.

பள்ளி: விவாதம் முடியாத இடம் இதுதான். திருநர் குழந்தைகள் பற்றி ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. 2021-ல் வெளியிட்ட கையேடு, தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும் இணையத்திலிருந்து காணாமல்போனது.

பெரியவங்க விவாதம் எப்போ முடியுமோ, அதுவரை குழந்தை காத்திருக்க முடியாது. அடி, மிரட்டல், கேலின்னு எது நடந்தாலும் 1098-க்கு போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் இலவசம்.