மண் தந்த மருந்து

கோடையில் வெடித்துக் கிடக்கும் பெரம்பலூர்க் கரிசலில் முதல் மழை விழுந்ததும் எழுகிறதே ஒரு மணம், அதனைப் பூமித்தாயின் மூச்சென்பார் பெரியோர். பருத்தி விதைப்பவனுக்கோ அது வேலைக்கு வந்த அழைப்பு. அம்மணத்தைப் பெரிதும் உண்டாக்குவன, மண்ணுள் நூலிழைபோல் படர்ந்து வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள். அண்டை அயலில் வாழும் பிற கிருமிகளை அடக்கும் பொருள்களையும் அவை சுரக்கின்றன.

காசநோய் கண்டவனை முன்வினைப் பயன் என்று கைவிட்ட நாடு இது. தாயத்துக் கட்டினோம், நேர்த்திக்கடன் செலுத்தினோம். நோயோ நுரையீரலை அரித்துக்கொண்டே இருந்தது. 1940 வரை மேனாட்டிலும் அதனை வெல்லும் மருந்து இல்லைதான். ஆனால் அங்கே தேடினார்கள். எங்கே தேடினார்கள்? எருவிட்ட வயலிலே!

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், 23 வயது இளைஞர். ஏழை உழவர் வீட்டுப் பிள்ளை. உழவனாகவே வாழ விரும்பி மண்ணியல் கற்றவர். நிலவறை ஆய்வுக்கூடத்தில் இரவும் பகலும் உழைத்து, 1943 அக்டோபரில் அவர் பிரித்தெடுத்த நுண்ணுயிரே காசத்தை வீழ்த்திய ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்தது. 'நானும் கண்டுபிடித்தவன்' என்ற உரிமையை அவர் பெற்றது வழக்கு மன்றம் ஏறிய பிறகு, 1950இல். இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வந்தது, வாக்ஸ்மனுக்கு மட்டும்! உழைப்பு ஒருவனுக்கு, புகழ் மற்றொருவனுக்கு என்னும் நோய் அங்கும் உண்டு போலும்.

ஆயினும், தோழர்களே, ஒன்றை எண்ணுங்கள். உழவன் மகன் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. நுழைந்தவன் மண்ணைக் கையிலெடுக்கக் கூசவில்லை. இங்கே என்ன நிலை? சேற்றில் இறங்கியவன் ஏட்டைத் தொடக்கூடாது. ஏட்டைத் தொட்டவன் சேற்றில் இறங்கமாட்டான். அறிவும் மண்ணும் சந்திக்காதபடி பல நூற்றாண்டுகள் காவல் நின்றது சாதி!

அறிவுக்கா பஞ்சம்? சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், கதர் அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிட்டாமல் வெளியேறியவர். 1923இல் அமெரிக்கா சென்றார். பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கேதான், மிசௌரி வயல் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் ஆரியோமைசினைக் கண்டார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948இல் அது வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று; அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார்.

மண்ணுக்கா பஞ்சம்? வளமான நிலத்தில் ஒரு கிராம் மண்ணெடுத்தால் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். நம் கரிசலும் அதற்கு விலக்கன்று. பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் 1954இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையில், திருமலாச்சார் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அவ்வூர் மண்ணையே ஆராய்ந்தனர். பூஞ்சை நோய்களை ஒடுக்கும் ஹாமைசின் 1961இல் கிடைத்தது. அதனைச் சுரந்த நுண்ணுயிருக்கு அவர்கள் சூட்டிய பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. அம்மண்ணுக்குரிய ஊரின் பெயர்.