பீரோவுக்குள் போன மணிகள்

1789-ல் எழும்பூரில் இராணுவ ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு அதைச் சேர்த்து, ஊர் திரும்பிய பின் 1797-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் மணல் பரப்பிய மேசைகள் வந்துவிட்டன. அங்கிருந்தவர்களை மணலின் சிக்கனம்தான் கவர்ந்தது: காகிதம் வேண்டாம், மை வேண்டாம். திண்ணைப் பள்ளியில் வாத்தியார் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தின் வளைவுகளில் ஓட்டுவார். குழந்தை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். இங்கிலாந்தின் மணல் மேசையிலோ சட்டாம்பிள்ளை ஆணையிட, வரிசை முழுவதும் ஒரே எழுத்தைப் போட்டு ஒரே நேரத்தில் அழித்தது. மணல் கடல் தாண்டியது, விரலுக்குக் கிடைத்த நிதானம் இங்கேயே நின்றுவிட்டது. வகுப்பறையில் முப்பரிமாணப் பொருள்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் பாடம் சொல்லிவிடாது. குழந்தையின் கைக்குப் போகும்வரை அதுவும் படம்தான், கொஞ்சம் தடிமனான படம்.

திண்ணைப் பள்ளியைச் சொன்னதும் ஒரு மறுப்பு வரும். அங்கே நடந்தது மனப்பாடம்தானே, எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தவர்கள் எந்தப் பொருளைத் தொட்டார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பையன் ஒப்பித்த வாய்ப்பாட்டில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று போகிற நெல் கணக்கில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் வீட்டிலோ களத்திலோ ஒரு பாத்திரம் இருந்தது. உழக்கை நாழிக்குள் நான்கு முறை கொட்டிப் பார்க்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை, அம்மா அரிசி அளக்கும்போதே அது நடந்தது. பொருள் பள்ளிக்கு வெளியே இருந்ததால் பள்ளி சொல்லோடு நிறுத்திக்கொள்ள முடிந்தது. களமும் மரக்காலும் எல்லாப் பிள்ளைக்கும் எட்டவில்லை, திண்ணையும் எட்டவில்லை. சாதி அதைப் பார்த்துக்கொண்டது. ஆகவே அதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அளவைகளும் நாணயங்களும் மாறி, பாடம் அச்சுப் புத்தகத்துக்கு வந்தபோது, ஒப்பிப்பது மட்டும் மிஞ்சி அதன் பின்னால் இருந்த பாத்திரங்கள் போய்விட்டன என்பதுதான் இங்கே முக்கியம்.

ஐரோப்பாவிலும் இதே சறுக்கல். பொருளிலிருந்து தொடங்கு, சொல்லுக்கு அப்புறம் போ என்றார் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி. அதை இங்கிலாந்துக்கு ஏற்றபடி எலிசபெத் மேயோ 1830 வாக்கில் பொருட்பாட நூலாக்கினார். கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அதன் குணங்களைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். குணங்களின் பட்டியல் அச்சில் வந்ததும் ஆசிரியர்கள் பட்டியலைப் பிடித்துக்கொண்டார்கள், கண்ணாடி மேசையிலேயே இருந்தது. 1854-ல் டிக்கன்ஸ் தம் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், குதிரைகளோடு வளர்ந்த சிறுமி குதிரைக்கு இலக்கணம் சொல்லத் திணறுவதையும், பல் கணக்கோடு ஒப்பிக்கும் பையன் பாராட்டு வாங்குவதையும் கேலி செய்தது இதைத்தான். பொருட்பாடம் இந்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் வந்தது, பெரும்பாலும் ஒப்பிக்கும் பாடமாகவே.

இந்தச் சறுக்கலைப் பொருளின் வடிவமைப்பிலேயே தடுக்கப் பார்த்தவர் மரியா மாண்டிசோரி. படிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காக இத்தார், செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் செய்த கருவிகளிலிருந்து அவர் தொடங்கினார். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடிசைப் பகுதிப் பள்ளியில் அவற்றை வளர்த்தெடுத்தார். 1939-ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, அடையாறுக்கு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று அவருக்கும் மகன் மாரியோவுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. சில மாதத்துக்கு வந்தவர் அடையாறு, கொடைக்கானல் முதலிய இடங்களில் 1946 வரை தங்க நேர்ந்தது.

அவருடைய பொன்மணிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒன்று என்பது ஒரே ஒரு மணி. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு குச்சி. பத்துக் குச்சிகள் சேர்ந்தால் நூறின் சதுரம். பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரத்தின் கனசதுரம். ஒற்றை மணியைச் சுட்டுவிரலால் உருட்டிய குழந்தைக்கு ஆயிரத்தைத் தூக்க இரண்டு கை வேண்டும். 2,467-ஐயும் 1,385-ஐயும் கூட்டச் சொன்னால், இரண்டு தட்டுகளையும் விரிப்பில் ஒன்றாகக் கொட்டுகிறது. ஒற்றை மணிகள் பன்னிரண்டு. அதில் பத்தை எடுத்துக்கொண்டு 'பாங்க்' வைத்திருக்கும் குழந்தையிடம் போய், கொடுத்துவிட்டு ஒரு குச்சி வாங்கி வருகிறது. குச்சிகள் இப்போது பதினைந்து. மறுபடியும் ஒரு நடை. கடைசியில் மூன்று கனசதுரம், எட்டுச் சதுரம், ஐந்து குச்சி, இரண்டு மணி. பாடநூலில் 'இனமாற்றம்' என்று தலைப்பிட்டு, தலைக்கு மேல் ஒரு குட்டி 1 போடச் சொல்லும் விஷயம் இங்கே ஒரு கொடுக்கல் வாங்கலாக நடந்து முடிகிறது. உருளைக் கட்டைகளில் இன்னும் கண்டிப்பு அதிகம். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று இடமில்லாமல் நிற்கும். ஆசிரியர் வாய் திறக்கவே வேண்டாம். மேசையில் வைத்துக் காட்டினால் இந்தப் பொருள்களுக்கு அர்த்தமே இல்லை. அவற்றின் பலம் அதில்தான்.

நம் அரசுப் பள்ளிகளின் அனுபவம் வேறு. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, பொம்மைகள், சிறு கருவிகள் எல்லாம் வழங்கியது. வந்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. ஏறிய பொருள் உடைந்தால் தணிக்கையில் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். பிறகென்ன, பல இடங்களில் பெட்டி பத்திரமாகப் பீரோவுக்குள் போனது. இதை ஆசிரியரின் சோம்பல் என்று திட்டியவர்கள் உண்டு. அந்தப் பதிவேட்டில் தம் கையெழுத்து இருந்திருந்தால் அவர்களும் பூட்டியிருப்பார்கள். பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கம் துணைக்கருவி செய்ய ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தது. தெர்மக்கோல் எரிமலையும் வண்ணச் சார்ட்டும் பெருகின, துணைக்கருவி (டி.எல்.எம்.) கண்காட்சிகளில் ஆசிரியர்கள் பரிசு வாங்கினார்கள். தெர்மக்கோலைப் பிள்ளை தொட்டால் பிய்ந்துவிடும். அது அதிகாரி பார்ப்பதற்கான பொருள்.

மாற்றாக நடந்த பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலி முறையைப் பார்த்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-ல் சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி வைத்தார். 2007-08-ல் அது தமிழகத்தின் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அட்டைகளும் மணிகளும் திறந்த தட்டுகளில், பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வந்தன. கரும்பலகைகூடச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியது. அட்டைகள் தொலைந்தன, பாடங்களை வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் சில பிள்ளைகள் ஒரே இடத்தில் நின்றார்கள், புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். இந்தக் குறைகள் உண்மை. ஆனாலும் பொருளை எடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்தது அந்தத் திட்டம். அந்த அளவில் நம் அரசுப் பள்ளிகளில் முன்பு அது நடந்ததில்லை.

கனமான மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழந்தை அதைப் பொம்மையாகவே பார்க்கும், அது எதைக் குறிக்கிறது என்பதை விட்டுவிடும் என்று ஜூடி டெலோச் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2008-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கல்லூரி மாணவர்களிடையே, வெறும் குறியீடுகளால் கற்ற கணிதமே புதிய இடங்களுக்கு எளிதாகப் பொருந்தியது என்றது. இவற்றைத் தள்ளிவிட முடியாது. தெர்மக்கோல் எரிமலைக்கு எதிராக இவை நல்ல சாட்சியும்கூட. பொன்மணிகளோ ஒரே நிறம், முகமில்லை, அலங்காரமில்லை. அடுத்த கட்டத்தில் மணிகள் போய் 1, 10, 100, 1000 என்று எழுதிய ஒரே அளவுச் சிறு சதுரங்கள் வருகின்றன, அப்புறம் மணிச்சட்டம், அதற்கப்புறம் தாள். படிப்படியாக விலகிக்கொள்ளும்படிதான் அந்தப் பொருள் செய்யப்பட்டிருக்கிறது.

நாற்பது பிள்ளைக்கு ஒரு பெட்டி போதுமா என்பது மற்றொரு கேள்வி. மாண்டிசோரி வகுப்பிலும் வழக்கமாக ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட்தான் இருக்கும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார், அல்லது வேறு வேலை எடுப்பார். அங்கே அது நடக்கக் காரணம், அலமாரி தாழ்வாக இருப்பதும் உடைந்தால் ஆசிரியரின் சம்பளத்துக்கு ஆபத்தில்லாததும். அடுத்த முறை அரசு பெட்டிகள் வாங்கும்போது எண்ணிக்கையைவிட முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்: உடைந்த மணியை, தொலைந்த குச்சியைப் பதிவேட்டிலிருந்து கழிக்கும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கு உண்டா, ஆண்டுக்கு இவ்வளவு சேதம் இயல்பு என்று ஒரு விழுக்காட்டைத் தணிக்கை விதி ஏற்குமா? ஆய்வகத்தில் உடையும் சோதனைக் குழாய்க்கு இடம் கொடுக்க முடியுமானால், ஒன்றாம் வகுப்பு மணிக்கும் கொடுக்கலாம்.